தமிழக மரவேலையில் வட்ட விளிம்பு: குடைதல், இணைத்தல், வளைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

மெல்லிய மரக்கீற்றுகளைப் பசையிட்டு அடுக்கி, வளைத்து, வட்ட மேசைப்பலகைக்கு விளிம்பு கட்டுவது இக்கால முறை. தமிழகத் தச்சர் வட்ட விளிம்பைப் பெரும்பாலும் குடைந்தும் இணைத்தும் ஆக்கினர். வளைத்தல் மூங்கில் வேலைக்குரியதாக நின்றது. இப்பகுப்பு பொருளின் இயல்பையும் பயனையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தச்சு, வட்டை, சூட்டு, பறை, பலாமரம்.

முன்னுரை

மரம் இழையின் போக்கில் வலியது. குறுக்கே எளிதில் பிளப்பது. ஒரு பலகையை வட்டமாக அறுத்தால் விளிம்பின் இரு பக்கங்களில் இழை நீளவாக்கில் அமையும். மற்ற இரு பக்கங்களில் குறுக்குவெட்டு முகம் வெளிப்படும். அம்முகம் ஈரத்தை விரைந்து உறிஞ்சும், உலரும்போது வெடிக்கும். மேசைக்கு விளிம்பு கட்டுவதன் காரணம் இதுவே. வண்டிச்சக்கரம், தோற்கருவி ஆகியவற்றைச் செய்தவர்களும் இதே சிக்கலை எதிர்கொண்டனர்.

குடைதல்

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தபின் நகரியமாக வளர்ந்தது நெய்வேலி. அதனை அடுத்த பண்ருட்டி வட்டாரம் பலாவுக்குப் பெயர்பெற்றது. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாமரம் விரும்பிப் பெறப்படுகிறது. ஒரே மரத்தில் குடைந்த வீணை ஏகாண்ட வீணை எனவும், பகுதிகளை இணைத்தது ஒட்டு வீணை எனவும் வழங்கும். கஞ்சிராவின் வளையமும் பலாமரத்தில் குடைந்து செய்யப்படுவதே. குடைதலில் மரத்தின் பெரும்பகுதி கழிவாகும். எனவே பெரிய வட்டங்களுக்கு இது பொருந்தாது.

இணைத்தல்

உமணர் வண்டியை வருணிக்கும் பெரும்பாணாற்றுப்படை, சக்கரத்தின் சுற்றுவிளிம்பைச் 'சூட்டு' என்கிறது; பிற்கால வழக்கில் இது 'வட்டை'. சூட்டுதல் என்னும் வினையோடு ஒப்பிட்டால், சுற்றி அணிவிக்கப்படுவது என்னும் கருத்து இச்சொல்லில் புலப்படும். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த சக்கரத்தை அதியமான் நெடுமான் அஞ்சிக்கு ஔவையார் உவமையாக்குகிறார் (புறநானூறு 87). சக்கரமே தச்சரின் திறனுக்கு உரைகல்லாகக் கருதப்பட்டமை இதனால் விளங்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் பொதுவாக ஆறு வட்டைகளும் பன்னிரண்டு ஆரக்கால்களும் இருக்கும். ஆறாகப் பகுத்தால் ஒரு வட்டை 60 பாகை வளைவைக் கொள்ளும். நேர்ப்பலகையில் அறுத்தாலும் அதன் முனைகளில் இழை விளிம்பிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகாது. பறையின் சட்டமோ மூன்று வில்வடிவ மரத்துண்டுகளால் ஆனது. நேர்ப்பலகையில் அறுக்கப்பட்டால் முனைகளில் இவ்விலகல் 60 பாகையாகும். சுமை தாங்காத பறைக்கு மூன்று துண்டுகளும் உலோகத் தகட்டுப் பிணைப்பும் போதுமானவை. பாரம் ஏற்கும் சக்கரத்திற்கு ஆறு துண்டுகளோடு இரும்புப் பட்டையும் வேண்டியிருந்தது. சூட்டில் விரிந்த பட்டை, குளிர்கையில் சுருங்கி வட்டைகளை இறுக்கும். ஒரு வட்டை பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றலாம் என்பது இம்முறையின் தலையாய நன்மை.

வளைத்தல்

மரத்தை வளைக்கும் நுட்பம் இந்தியாவில் பழமையானது. தச்சன் சக்கர விளிம்பை வளைப்பதை இருக்கு வேதம் உவமையாகக் கூறுகிறது. தமிழகத்திலோ வளைத்தல் முறம், கூடை முடைவோரின் கையில் செழித்தது. மூங்கிற் பிளாச்சின் இழை விளிம்பு நெடுகிலும் முறியாமல் ஓடும்; முறத்தின் விளிம்பு இலேசாக இருந்தும் உறுதியாக நிற்பது இதனாலேயே.

ஐரோப்பாவில் மைக்கேல் தோனெட் 1830களில் மரக்கீற்றுகளைப் பசையில் வேகவைத்து வளைத்தார். பின்னர் முழுமரத்தை நீராவியில் வளைத்து 1859இல் 14ஆம் எண் நாற்காலியை வெளியிட்டார். 1930களில் அல்வர் ஆல்ட்டோ அடுக்கு மரத்தை வளைத்து இருக்கைகள் செய்தார். ஈரம் தாங்கும் செயற்கைப் பசைகள் பெருகியபின் அடுக்கி வளைத்தல் பரவலாயிற்று.

முடிவுரை

அடுக்கி வளைத்த மேசை விளிம்பில், முறம் முடைபவரின் வளைத்தலும் தச்சரின் இணைத்தலும் ஒன்றுசேர்கின்றன. எனினும் பழுதுற்ற பகுதியை மட்டும் மாற்றும் எளிமை அதற்கு இல்லை. ஆகவே வட்டை முறையை வளைக்கத் தெரியாமையின் விளைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. பழுதுபார்ப்பை முன்னிறுத்திய தொழில்நுட்பத் தேர்வாகக் கொள்வதே தகும். மரச்சக்கரத்தின் இடத்தை ரப்பர் டயர் கைக்கொண்டுவிட்டது. வட்டை, ஆரக்கால், குடம், கடையாணி முதலிய சொற்கள் அகராதியில் பொருள் மட்டுமே பெற்றுள்ளன. அவற்றின் செய்முறையறிவு முதிய தச்சரிடம் எஞ்சியுள்ளது. கள ஆய்வாளர் முதலில் தொகுக்க வேண்டியது அவ்வறிவையே.