சமயமும் வன்முறையும்: வடசென்னைக் கடற்கரை கூறும் சான்று

இராயபுரத்தில் மூன்று புனித இடங்கள் உள்ளன. படகோட்டி மக்கள் தம் உழைப்பின் ஊதியத்தைச் சேர்த்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் ஒன்று. அவர் பெயரே ஊருக்கும் ஆயிற்று என்பர். ஏறத்தாழ அதே காலத்தில் தொண்டியை அடுத்த குணங்குடியிலிருந்து வந்து இங்கே தங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் அடக்கத்தலம் மற்றொன்று. 1910இல் கட்டப்பெற்ற பார்சி மக்களின் தீக்கோயில் மூன்றாவது. ஈரானில் இஸ்லாமிய ஆட்சி வேரூன்றிய பின்னர், தம் மறையைக் காத்துக்கொள்ளக் கடல் கடந்து குசராத்துக் கரை சேர்ந்தவர்கள் பார்சியர் என்பது அச்சமூகத்தின் மரபு.

இஸ்லாம், கிறித்தவம் ஆகிய இரண்டில் வன்முறை மிகுந்தது எது என்ற வினா மேடைகளிலும் திண்ணைகளிலும் அடிக்கடி எழுகிறது. விடை கூறுவோர் பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தம் சமயத்தின் நூலையும் பிறர் சமயத்தின் வாளையும் தராசில் வைத்து நிறுக்கின்றனர். பகைவனையும் நேசிக்கச் சொன்ன மலைப்பொழிவை ஒரு தட்டிலும், சுல்தான்களின் படையெடுப்பை மறு தட்டிலும் வைப்பவர் உண்டு. நம்பிக்கையை எவர்மீதும் திணிக்கலாகாது என்ற குர்ஆனின் நெறியை ஒரு தட்டிலும், சிலுவைப் போர்களை மறு தட்டிலும் வைப்பவரும் உண்டு. கொள்கையைக் கொள்கையோடும் செயலைச் செயலோடும் நிறுத்தலே முறை. அவ்வாறு நிறுக்கத் தமிழ்க் கடற்கரையின் வரலாறு போதிய எடைக்கற்களைத் தருகிறது.

இரு சாட்சிகள்

1340களில் மதுரை சுல்தானாக இருந்த கியாசுத்தீன், சிறைப்பட்ட இந்துக்களைக் கழுவேற்றினான். பெண்களையும் குழந்தைகளையும் கூட விட்டுவைக்கவில்லை. இச்செய்தியை உலகுக்கு எழுதிவைத்தவர் அச்சுல்தானின் உறவினரும், இஸ்லாமியச் சட்டம் கற்ற நீதிமானுமாகிய இபின் பதூதா. வேறெந்த அரசனிடமும் தாம் கண்டிராத இழிசெயல் என்று அவர் அதைக் கடிந்தார். அரசனின் மரணம் விரைந்து வந்ததற்கும் அதுவே காரணம் எனக் கருதினார்.

1502இல் வாஸ்கோ ட காமா, மக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய பயணிகளின் கப்பலொன்றை மலையாளக் கரைக்கு அப்பால் மடக்கித் தீயிட்டான். ஆடவர், பெண்டிர், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் வேண்டிய காட்சியைப் பதிவு செய்தவர் தோமே லோப்பசு. அவர் அந்தப் போர்த்துக்கேயக் கப்பற்படையிலேயே எழுத்தராக இருந்தவர், கிறித்தவர்.

இவ்விரு கொடுமைகளுள் எது பெரிது என்று கணக்கிடுவது வீண். எண்ணத்தக்கது வேறொன்று உண்டு. முஸ்லிம் அரசனின் கொடுமைக்கு முஸ்லிம் ஒருவரும், கிறித்தவத் தளபதியின் கொடுமைக்குக் கிறித்தவர் ஒருவரும் சாட்சி கூறியுள்ளனர். தம்மவர் செய்தது என்பதற்காக அவர்கள் அதை மறைக்கவில்லை.

கோட்டைக்குள் ஒரு பாதிரியார்

இராயபுரத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள புனித ஜார்ஜ் கோட்டை, இவ்வினாவுக்குத் தெளிவு தரும் ஒரு வரலாற்றை உடையது. எப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி 1642இல் பெகு நாட்டுக்குப் போகும் வழியில் சென்னைப்பட்டினம் வந்தார். ஆங்கிலேயர் புராட்டஸ்டாண்டு சமயத்தவர். எனினும் கோட்டையைச் சுற்றிக் குடியேறிய கத்தோலிக்கர் தம் வழிபாட்டுக்காகச் சாந்தோமை நாடிச் செல்லாதிருக்க ஒரு குருவைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினர். எப்ரேமும் தங்கினார். ஆலயம் எழுந்தது, மக்கள் திரண்டனர்.

சாந்தோமில் இருந்த போர்த்துக்கேயக் குருமாருக்கு இது பொறுக்கவில்லை. 1649இல் அவர்கள் அவரைத் தம் ஊருக்கு வரவழைத்துப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினர். 1560 முதல் அங்கே இயங்கிவந்த சமயக் குற்ற விசாரணை மன்றம் அவரைச் சிறையிலிட்டது. சிறையிட்டோரும் கத்தோலிக்கர், சிறைப்பட்டவரும் கத்தோலிக்கரே.

அவருக்காகக் குரல் கொடுத்தவர் யார்? பிரெஞ்சு வணிகர் தவேர்னியே தம் பயண நூலில் கூறுவது இது. எப்ரேமிடம் அன்பு கொண்டிருந்த கோல்கொண்டா சுல்தான், கருநாடகப் போரில் இருந்த தம் தளபதி மீர் ஜும்லாவுக்கு ஆணை அனுப்பினார். குறித்த காலத்துக்குள் துறவியை விடுவிக்க உறுதி தராவிட்டால் சாந்தோமை முற்றுகையிட்டுத் தீக்கும் வாளுக்கும் இரையாக்குக என்பதே அவ்வாணை. இதற்கிடையே எப்ரேமின் தோழரான சேனோன் என்ற கப்புச்சின் துறவி சாந்தோமின் ஆளுநரையே மடக்கிப் பிடித்துச் சென்னையில் அடைத்தார் என்றும் அந்நூல் கூறும். நெடுநாட்சிறைக்குப் பின் எப்ரேம் விடுதலை பெற்றுச் சென்னைக்கு மீண்டார்.

கிறித்தவத் துறவியைக் கிறித்தவர் சிறையிட, அவர் விடுதலைக்கு முஸ்லிம் அரசர் துணைநின்றார். இதைக் கேட்டு, இஸ்லாம் சகிப்பின் சமயம், கிறித்தவம் கொடுமையின் சமயம் என முடிவு கட்டுவோர் அதே நூலை இன்னும் சில பக்கங்கள் படித்தல் வேண்டும். அதே மீர் ஜும்லா கண்டிக்கோட்டையைக் கைப்பற்றிய பின், அவ்வட்டாரக் கோயில்களின் செப்புத் திருமேனிகளை உருக்கிப் பீரங்கி வார்க்க முற்பட்டதையும் தவேர்னியே எழுதியிருக்கிறார். ஒரு துறவிக்காக உயர்ந்த வாள் மற்றொரு மக்களின் தெய்வங்களை உருக்கத் தயங்கவில்லை. துறவிக்காக விடுத்த ஆணையும் ஓர் ஊரையே எரிப்பேன் என்ற மிரட்டலாகவே அமைந்தது என்பதையும் மறத்தலாகாது.

மீர் ஜும்லாவுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து வந்தவர் முகலாயத் தளபதி தாவூத்கான் பன்னி. அவர் 1702இல் சென்னையை முற்றுகையிட்டார். பொருள் கைமாறியபின் முற்றுகையை நீக்கினார். 1708இல் அவரிடமிருந்தே திருவொற்றியூர், எண்ணூரை அடுத்த கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களையும் கும்பினி பெற்றது. பழம்பெருமை வாய்ந்த சிவத்தலம் ஒன்று முஸ்லிம் அதிகாரியின் கையிலிருந்து கிறித்தவ வணிகர் கைக்கு மாறியபோது எந்த மறைநூலும் புரட்டப்படவில்லை. வருவாய்க் கணக்கே பேசியது.

வீட்டுக்குள் தொடங்கும் நெருப்பு

அரசும் பொருளும் மட்டுமே காரணம் எனில் இவ்வாராய்ச்சி இங்கேயே முடிந்துவிடும். ஈழத்தின் அண்மைக்கால வரலாறு அவ்வாறு முடிக்க விடவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியை ஆண்ட பௌத்த மன்னன் செனரத் அவர்களை ஏற்றுப் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று, அதே மட்டக்களப்பில் சீயோன் தேவாலயமும், கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும், நீர்கொழும்பில் ஒரு கத்தோலிக்க ஆலயமும், விடுதிகள் சிலவும் தற்கொலைக் குண்டுகளால் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்த தமிழ் பேசும் முஸ்லிம். மாண்டோருள் தமிழ்க் கிறித்தவர் பலர். கொன்றவன் மொழியும் மாண்டோர் பலரின் மொழியும் ஒன்றே.

அவனிடம் அரசு இல்லை, துறைமுகமும் இல்லை. தான் கொண்டதே தூய வழி என்ற வெறி இருந்தது. அவ்வெறி முதலில் தேவாலயத்தைத் தேடிச் செல்லவில்லை. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2017இல், அவனுடைய கூட்டத்தார் காத்தான்குடியில் சூஃபி வழியைப் பின்பற்றிய முஸ்லிம்களோடுதான் மோதினர். கோவா மன்றமும் இவ்வாறே தன் சமயத்தைச் சேர்ந்த துறவி எப்ரேமைப் பிடித்தது. சகிப்பின்மை அயலானைச் சுடுமுன் தன் வீட்டானைச் சுடுகிறது. எனவே ஒரு சமயக் கூட்டம் பிறரை என்ன செய்யும் என்று அறிய விரும்புவோர், அது தன்னுள் மாறுபடுவோரை எவ்வாறு நடத்துகிறது என்று முன்னரே நோக்குதல் வேண்டும்.

அதே நாட்களில் மறுகுரலும் எழுந்தது. தாக்கியோரின் உடல்களை எந்தப் பள்ளிவாசலிலும் அடக்கம் செய்ய இடமில்லை என்று இலங்கை உலமாக்கள் அறிவித்தனர். பழிவாங்க வேண்டாம் என்று கொழும்புப் பேராயர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். இபின் பதூதாவும் லோப்பசும் ஏந்திய அதே விளக்கு இன்னும் அணைந்துவிடவில்லை.

இராயபுரத்தின் மூன்று புனித இடங்களையும் எழுப்பியவர்களிடம் படை இருந்ததில்லை. படகோட்டிகளும், அடியவர்களும், வணிகரும் எழுப்பியவை அவை. மஸ்தான் சாகிபு போன்ற சூஃபியரையே இன்றைய வெறி முதற்பகைவராகக் கொள்கிறது. அவர் வாழ்ந்த நாளிலோ, சைவப் புலவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். பிற சமயத்துச் சான்றோரைப் பாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. அதனினும் அரிய கடமை ஒன்று இன்று அவர்கள்முன் நிற்கிறது. தம் சமயத்தார் கையில் குருதி படியும்போது அதைத் தம் மொழியில், தம் பெயரில், பிறர் கூறுமுன் எழுதிவைத்தலே அக்கடமை.