கட்டாய விற்பனை முறை

வாடிக்கையாளரிடம் எதை முதலில் பேசவேண்டும், மறுப்புக்கு என்ன பதில் சொல்லவேண்டும், எப்போது கையெழுத்துக் கேட்கவேண்டும் என்பதையெல்லாம் நிறுவனமே எழுதிக்கொடுத்து, விற்பனையாளர் எல்லோரும் அதன்படியே நடக்கவேண்டும் என்று விதிக்கும் ஏற்பாடு கட்டாய விற்பனை முறை எனப்படும். வங்கி, காப்புறுதி, தொலைபேசி, இன்ரர்நெற் ஆகிய துறைகளில் இது வழக்கத்தில் உள்ளது. அதை எழுதுபவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பயன் முற்றாக மாறிவிடுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று.

இம்முறையைத் தொழிலாகவே வளர்த்தவர் அமெரிக்காவின் டேற்றன் நகரில் நாஷனல் காஷ் ரெஜிஸ்ரர் நிறுவனத்தை நடத்திய ஜோன் பற்றர்சன். அவருடைய மைத்துனர் ஜோசப் கிரேனின் விற்பனைப் பேச்சு 1887இல் சிறு நூலாக்கப்பட்டது. முகவர்கள் அதை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. அந்நிறுவனத்தில் 1896இல் சேர்ந்த தோமஸ் வாட்சன் இந்தக் கட்டுப்பாட்டைப் பின்னர் ஐபிஎம் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். புதியவருக்கு இது பெரிய துணை. பேச்சு வராதவர்கூடச் சில வாரங்களில் வேலைக்குத் தயாராகிவிடுவார். ஆனால் ஒரே பேச்சு எல்லா விற்பனைக்கும் பொருந்தாது. 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்த நீல் ராக்கம் 1988இல் வெளியிட்ட நூலில், சிறு தொகைக்குப் பலிக்கும் நெருக்குதல் பெரிய தொகைக்கு எதிர்ப்பலனே தருகிறது என்று காட்டினார். நன்றாக விற்றவர்கள் வாங்குபவரின் தேவையைக் கேட்டறிந்தவர்களே.

ஒன்ராறியோவில் இந்த முறையை அரசே எழுதிப்பார்த்தது. மின்சாரம், இயற்கை எரிவாயு ஆகியவற்றுக்குப் பல ஆண்டு நிலைவிலை ஒப்பந்தங்களை வீடுவீடாக விற்ற முகவர்கள்மீது முறைப்பாடுகள் குவிந்தன. அதன் விளைவாக வந்த எரிசக்தி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. முகவர் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறவேண்டியிருந்தது. அடையாள அட்டை அணியவேண்டியிருந்தது. ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் வகுத்த விளக்கப் படிவத்தையும் விலை ஒப்பீட்டையும் காட்டவேண்டியிருந்தது. ஒப்பந்தம் கைக்கு வந்தபின் 10ஆம் நாளுக்கும் 45ஆம் நாளுக்கும் இடையே, வாரியம் ஏற்ற வாசகத்தின்படி தொலைபேசியில் பேசி வாடிக்கையாளரின் சம்மதத்தை உறுதிசெய்யவேண்டியிருந்தது. வாங்குபவர் ஆறுதலாக யோசிக்கக் கிடைத்த இந்த இடைவெளியே அச்சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி.

இருந்தும் அது போதவில்லை. 2017 ஜனவரி 1 முதல் எரிசக்தி ஒப்பந்தங்களை வாசலில் விற்பது தடைசெய்யப்பட்டது. 2018 மார்ச் 1 முதல் நீர்சூடாக்கி, வெப்பமூட்டும் உலை, குளிரூட்டி, நீர்வடிகட்டி முதலியவற்றை அழைப்பின்றிக் கதவு தட்டி விற்பதும் தடைக்குள் வந்தது. கொமிஷனை நம்பி வாழும் முகவருக்கு எவ்வளவு நல்ல வாசகத்தைக் கொடுத்தாலும், சம்பளம் அவரை வேறு பக்கம் இழுக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2016இல் 18.5 கோடி டொலர் தண்டம் கட்டியதன் பின்னணியும் இதுவே: விற்பனை இலக்கை எட்ட, ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்திருந்தார்கள்.

ஆனால் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு இந்தத் தடைகளால் வந்த பலன் குறைவு. ஷேர்போன், பார்லிமென்ற், வெல்லஸ்லி, ஹோவார்ட் தெருக்களுக்கு இடையே 1960களில் எழுந்த 19 உயர்மாடிகள் கொண்ட இக்குடியிருப்பு, 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழர் பலருக்குக் கனடாவின் முதல் வீடாக இருந்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு உலையும் நீர்சூடாக்கியும் கட்டட உரிமையாளரின் பொறுப்பு. தொடர்மாடிக் கதவுக்கு வருபவர் பெரும்பாலும் இன்ரர்நெற், தொலைக்காட்சி, கைத்தொலைபேசித் திட்டங்களையே விற்கிறார். அவை தடைசெய்யப்பட்ட பட்டியலில் இல்லை.

அந்தத் துறையைக் கண்காணிக்கும் கனடிய வானொலி தொலைக்காட்சி தொலைத்தொடர்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விற்பனையும் வலிந்து விற்பதும் ஏற்கமுடியாத அளவில் நடப்பதாக 2019 பெப்ரவரியில் அறிக்கையிட்டது. முதியோரும் மொழித் தடை உள்ளவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்படுவதையும் அது குறிப்பிட்டது. 2020 ஜனவரி 31 முதல் பெரிய இன்ரர்நெற் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவைப்படி, ஒப்பந்தத்தின் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகத் தரவேண்டும். கையில் கிடைத்த ஒப்பந்தம் வாயால் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால், 45 நாட்களுக்குள் தண்டமின்றி விலகலாம்.

ஆகவே நிறுவனம் கட்டாயமாக்கவேண்டியது பேச்சு முழுவதையும் அல்ல. மாதக் கட்டணம், சலுகை முடிந்தபின் வரும் கட்டணம், ஒப்பந்தக் காலம், விலகும் வழி ஆகிய நான்கை மட்டும் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லச்செய்ய வேண்டும். மிச்சத்தை விற்பனையாளரின் திறமைக்கு விடலாம். தமிழரிடம் விற்கத் தமிழ் பேசும் முகவரை அனுப்பும் நிறுவனம், அந்த நான்கையும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். “அக்கா, விலை கூடாது” என்று வாசலில் தமிழில் சொல்லி, விலை கூடும் திகதியை ஆங்கிலத் தாளில் மட்டும் விடுவது எந்த நல்ல முறைக்கும் ஒவ்வாதது.