ரோஜாவை வாடவைத்தவள்

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று செத்ததற்கு நான்தான் காரணம் என்று முப்பது வருடமாகப் பேச்சு இருக்கிறது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தூரமாகி மூன்றாம் நாள், பின்கட்டில் உட்கார்ந்திருந்தவள் பொழுது போகாமல் எழுந்துபோய் அதன் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்தேன். பாட்டி பார்த்துவிட்டார். ஒரு மாதத்தில் கன்று இலையெல்லாம் கொட்டி நின்றது. அது மார்கழி. பனிக்காலத்தில் கறிவேப்பிலை தளிர்க்காது, இலை உதிர்க்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தக் கன்றின் அடியில்தான் போய்த் தேங்கும். இவை யாருக்கும் நினைவில்லை. நான் கிள்ளியது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சென்ற ஆண்டு வகுப்பில் புறநானூற்றின் 299ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். பொன்முடியார் பாடியது. போர்க்களத்தில் ஒடுங்கி நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடக்கூடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களை உவமை சொல்கிறார். விலக்கு நம்மிடம் அவ்வளவு பழையது. ஆனால் அங்கே விலக்கப்பட்டது கோயில் பாத்திரம்தான், செடி இல்லை என்று சொன்னேன். மாதவிலக்குக்குத் தமிழ் வைத்த பழைய பெயரே பூப்பு. தொல்காப்பியத்தில் அந்தச் சொல் இருக்கிறது. பூத்தவள் தொட்டால் பூ வாடும் என்பது அந்தச் சொல்லுக்கே பொருந்தாத கதை என்றும் சொன்னேன். சொல்லாராய்ச்சிக்காரர்களுக்கு இப்படி ஒரு சொல்லைக் காட்டிவிட்டாலே வாதத்தில் ஜெயித்துவிட்ட நினைப்பு.

ஒரு மாணவி எழுந்து கைபேசியை நீட்டினாள். குடும்பக் குழுவில் வந்த செய்தி. ‘மாதவிலக்கான பெண் தொட்டால் செடி வாடும் என்று 1920இலேயே வெளிநாட்டு விஞ்ஞானி நிரூபித்துவிட்டார். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல.’

“இது உண்மையா மேடம்? எங்கம்மா கொடிக்கால்ல வேலை பாக்குறாங்க. மாசம் மூணு நாள் உள்ள போகக்கூடாது. அந்த மூணு நாள் கூலியும் கிடையாது.”

பொய்ச்செய்தி என்று உடனே சொல்லத்தான் வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. தேடிப் பார்த்தபோது அது பாதி உண்மையாக இருந்தது.

அந்த விஞ்ஞானி பேலா ஷிக். ஹங்கேரியில் பிறந்து வியன்னாவில் பணிசெய்த குழந்தை மருத்துவர். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்ப்புச் சக்தி உண்டா என்று கண்டறியும் ஷிக் சோதனை இவர் பெயரில்தான் இருக்கிறது. பல குழந்தைகள் பிழைக்க அது உதவியது. 1919 ஆகஸ்டில் அவருக்கு ஒருவர் ரோஜாக்கள் கொடுத்திருக்கிறார். தண்ணீரில் வைக்கச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார். மறுநாள் காலை பூக்கள் வாடிக் கிடந்தன. கேட்டதற்கு அவள், தனக்கு அந்த நாள் என்றும், அப்போது தான் தொட்டால் பூ வாடிவிடும் என்றும் சொன்னாள். ஷிக் அவளிடமும் வேறு பெண்களிடமும் பூக்களைக் கொடுத்துச் சோதனைகள் செய்தார். 1920இல் ‘மாதவிலக்கு நச்சு’ என்று கட்டுரை வெளியிட்டார். பின்னால் இதற்கு ‘மெனோடாக்ஸின்’ என்ற பெயர் நிலைத்தது.

அந்தப் பெண்ணின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. ஆனால் கருதுகோள் அவளுடையது. அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவள் ஊரில் ஒரு பாட்டி இருந்திருப்பார். அந்தப் பாட்டிக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ரோம் வரும். கி.பி. 77இல் பிளினி தன் ‘இயற்கை வரலாறு’ நூலில் எழுதிவைத்திருக்கிறார்: மாதவிலக்கான பெண் தொட்டால் புது மது புளிக்கும், ஒட்டுக்கட்டிய செடி சாகும், தோட்டத்து விதை காயும், மரத்துப் பழம் உதிரும். அதே பிளினி இன்னோரிடத்தில், அவள் வயலைச் சுற்றி நடந்தால் பயிரிலிருந்து புழுக்கள் உதிரும் என்கிறார். அதே நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லாவிடமும் இந்த இரண்டும் உண்டு: அவளால் வெள்ளரிப் பிஞ்சு வாடும், அவளை வெறுங்காலுடன் பாத்தியைச் சுற்றி நடக்கவிட்டால் புழு சாகும். வேண்டாதபோது விஷம், வேண்டும்போது பூச்சிமருந்து. தோட்டக்காரனுக்கு எப்படியும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் மாதத்து ரோஜா ஓரிரவில் வாட வேறு காரணங்கள் வேண்டிய அளவு உண்டு. வெட்டிய காம்பு சிறிது நேரம் தண்ணீருக்கு வெளியே இருந்தாலே நீர் ஏறும் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். ஜாடி அழுக்காக இருந்தால் பாக்டீரியா அடைக்கும். இன்னொன்றும் உண்டு. ஷிக்கின் ரோஜா வாடுவதற்குப் பதினொரு ஆண்டு முன்பு, 1908இல், அமெரிக்காவில் குரோக்கர், நைட் என்ற இரு தாவரவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிகாகோ பக்கத்துக் கண்ணாடிக் குடில்களில் கார்னேஷன் மொட்டுகள் மலராமலும், மலர்ந்தவை மூடிக்கொண்டும் வியாபாரிகளுக்குப் பெருத்த நஷ்டம். ஆராய்ந்ததில் காரணம் கிடைத்தது: விளக்கெரிக்கும் எரிவாயுவின் கசிவு, அதிலும் குறிப்பாக அதிலிருந்த எத்திலீன். மிகமிகச் சிறிய அளவே போதும். அங்கே பூ வாடியதும் குழாயைத் தேடினார்கள். வியன்னாவில் கையைத் தேடினார்கள்.

பூவைக் கையில் கொடுத்துப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. ஒரே செடியின் பூ, ஒரே நீளக் காம்பு, ஒரே தண்ணீர், ஒரே வெப்பம் வேண்டும். எந்தப் பூவை எந்தக் கை தொட்டது என்று தெரியாத ஒருவர் எது வாடியது என்று சொல்ல வேண்டும். பலமுறை செய்ய வேண்டும், பிறர் செய்தாலும் அதே விடை வர வேண்டும். 1921இலேயே ஜெர்மனியில் ஸேங்கர் என்ற மருத்துவர் ஷிக்கின் சோதனையைத் திரும்பச் செய்து, அப்படியொரு நச்சுக்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். குடும்பக் குழுவுக்கு அந்தச் செய்தி வருவதில்லை.

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மருந்தியலாளர் டேவிட் மாக்ட், டாரத்தி லூபினுடன் சேர்ந்து, லூப்பின் என்ற பயறு வகைச் செடியின் நாற்றுகளை மாதவிலக்கான பெண்களின் ரத்தம் கலந்த கரைசலில் வளர்த்து, வேர் குறைவாக வளர்கிறது என்று அறிவித்தார். அளவுகோல், சதவீதம் எல்லாம் வந்துவிட்டன. படிப்பவருக்கு நம்பிக்கை வரும். ஆனால் இதே நாற்றுச் சோதனையை அவர் வேறு பல நோயாளிகளின் ரத்தத்திலும் செய்தார், அங்கும் நச்சு கண்டார். பெர்னிஷியஸ் அனீமியா என்ற கொடிய சோகை அதில் ஒன்று. அந்த நோய்க்குக் காரணம் உடம்பில் பி12 வைட்டமின் சேராமல் போவது என்பது பின்னால் தெரிந்தது. எந்தக் குறையைக் காட்டினாலும் விஷம் என்று சொல்லும் அளவுகோல் அது.

அந்தக் கட்டுரையில் ஒரு பெண்ணின் பெயரும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1940களில் பாஸ்டனில் மாதவிலக்குக் கழிவை எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தி, அவை செத்ததைக் கண்டு நச்சு உண்டு என்றவர்களும் ஒரு தம்பதி: ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித். ஆண்கள் கட்டிய பொய், பெண்கள் உடைத்த உண்மை என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. என்னைக் கன்றருகே பார்த்துக் கத்தியது தாத்தா இல்லை, பாட்டி.

எலிகளின் கணக்கைத் தீர்த்தவர் பெர்ன்ஹார்ட் ஸோண்டெக். பெர்லினில் ஆஷ்ஹைமுடன் சேர்ந்து கர்ப்பப் பரிசோதனை ஒன்றைக் கண்டுபிடித்தவர். யூதர் என்பதால் 1933இல் நாஜிகள் வேலையிலிருந்து விரட்ட, பின்னர் ஜெருசலேம் போனார். 1953இல் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அந்தத் திரவத்தைச் சேகரிக்கும்போது அதில் கிருமிகள் கலந்திருக்குமே, கொன்றது அவையாக இருந்தால்? எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்தும் கொடுத்துப் பார்த்தார். அவை சாகவில்லை. மாதவிலக்கு ரத்தத்துக்கே உரிய தனி நச்சு எதுவும் இல்லை. ஷிக்கின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள்.

இனி கொடிக்கால். அகத்தியில் படரும் வெற்றிலைக் கொடி வாடுவது நிஜம்; ஒரு வாரத்தில் பாத்தியே சரிந்துபோகும். அதற்குக் காரணம் ஃபைட்டாப்தோரா என்ற, பூஞ்சை போன்ற உயிரி. ஈர மண்ணில் இருந்து வேரையும் தண்டையும் அழுகவைக்கும். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். வடகிழக்குப் பருவமழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் பெருகும். வாய்க்காலில் போகும், நோய்கண்ட விதைக்கொடியில் போகும், மண் ஒட்டிய காலில் போகும். ஆண் காலா பெண் காலா என்று அது பார்ப்பதில்லை. வேளாண் துறையினர் சொல்வது நல்ல வடிகால், நோயில்லாத விதைக்கொடி, அடியில் ஊற்ற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. எவரையும் மூன்று நாள் வெளியே நிறுத்தச் சொல்லவில்லை.

இதையெல்லாம் அந்த மாணவிக்கு ஒரு மதிய இடைவேளையில் சொன்னேன். அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை வந்து, “அம்மாகிட்ட சொன்னேன் மேடம், சிரிச்சாங்க” என்றாள்.

“ஏன்?”

“முகூர்த்த மாசத்துல வெத்தல விலை ஏறிப்போய் ஆள் கிடைக்காதுல்ல, அப்ப எந்த முதலாளியும் கேட்டதே இல்லையாம். அம்மாவும் சொன்னதில்லையாம். பதினெட்டு வருஷமா வைகாசியில கொடி வாடவே இல்லன்னு சொல்றாங்க.”

இதைச் சான்றாக நான் எழுதமாட்டேன். வெயில் மாதத்தில் வாடல் நோய் எப்படியும் குறைவு. அந்த மாதங்களில் கூலி எப்படி என்று மட்டும் கேட்டேன். முழுசா வந்துரும் மேடம் என்றாள்.