காணாமற் போனவரும் காணாமல் ஆக்கப்பட்டவரும்

'காணாமற் போனான்' என்னும் தொடரில் எழுவாய் போனவனே. அவனே எழுந்து சென்றான் போலவும், சென்றமைக்கு அவனே பொறுப்புப் போலவும் பொருள் தொனிக்கின்றது. 'காணாமல் ஆக்கப்பட்டான்' என்னும் செயப்பாட்டு வினையோ 'ஆக்கியவர் யார்?' என்ற வினாவைத் தன்னுள் அடக்கி நிற்கின்றது. இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகம் முதற்சொல்லைத் தன் பெயரிற் கொண்டது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதனைக் குற்றத்தின் பெயராக்கியது. ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்து சேர இந்நாட்டுத் தாய்மார்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

1983 யூன் மாதத்தில் வந்த அவசரகால விதி 15 ஏ, மரண விசாரணை இன்றியே சடலங்களை அப்புறப்படுத்தும் அதிகாரத்தை வழங்கியது. சடலம் இல்லையேல் மரணம் இல்லை. மரணம் இல்லையேல் கொலையும் இல்லை. மறு ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றிற்று. 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மார் அதே பெயரில் ஒன்றுகூடினர். ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கிய காலத்தின் கொடுமை அது. 1994இல் நியமிக்கப்பெற்ற மூன்று ஆணைக்குழுக்கள் (அவற்றுள் ஒன்றன் எல்லைக்குள் மத்திய மாகாணமும் அடங்கிற்று) 16,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை உறுதிசெய்தன. தண்டனையோ மிகச் சிலர்க்கே. எம்பிலிப்பிட்டிய மாணவர் வழக்கில், 1999இல் அதிபர் ஒருவரும் படையினர் சிலரும் தண்டிக்கப்பட்டமை அரிதான விதிவிலக்கு.

இவ்விடத்தில் ஒரு மாற்றம் நோக்கற்பாலது. போரின் பெயரால் அளிக்கப்பட்ட அனுமதி, காலப்போக்கில் வாணிபமாக மாறக்கூடியது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அயலிலும் இளைஞர் பதினொருவர் கடத்தப்பட்டனர். பெரும்பாலோர் தமிழரும் முஸ்லிம்களும். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றிற்குச் சமர்ப்பித்த விபரங்களின்படி, கடத்தியோர் கடற்படையினர், நோக்கம் கப்பம், தடுத்துவைத்த இடங்களுள் திருகோணமலைக் கடற்படைத் தளமும் ஒன்று. ஓர் இளைஞர் தடுப்பிலிருந்தபடியே கைத்தொலைபேசியிற் தாயாருடன் பேசியும் இருக்கின்றார். 2009இல் கடற்படை அதிகாரி ஒருவரின் அறையிலிருந்து கண்டெடுக்கப்பட்ட அடையாள அட்டைகளே வழக்கின் முதல் நூலிழையாயின. ஆயினும் குற்றப்பத்திரம் 2019இலேயே தாக்கலாயிற்று. எதிரிகளுள் ஒருவராகக் குறிக்கப்பட்ட முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுக்களைத் தொடர்வதில்லை என 2021 ஒக்டோபரில் சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்தது. தளபதி குற்றவாளியா அல்லரா என்பது எம் வாதமன்று. அதனை நீதிமன்றம் கேட்டுத் தீர்மானிக்கும் வாய்ப்பே அற்றுப்போயிற்று என்பதுதான் வாதம்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோவில் போதைப்பொருட் கும்பலும் பொலிசாரும் வேறு பிரித்தறிய முடியாதவாறு கலந்துள்ளமைக்கு அயோட்சினாப்பா சான்று. 2014 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர் 43 பேர் பொலிசாராற் பிடிக்கப்பட்டுக் கும்பலிடம் கையளிக்கப்பட்டனர், நம்மையொத்த மாணவர். மூவரின் எச்சங்களே அடையாளம் காணப்பட்டுள்ளன. அந்நாட்டுப் பதிவேட்டில் காணாமலாக்கப்பட்டோர் தொகை 2022இல் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. அங்கும் துப்புத் துலக்குவோர் தாய்மாரே. இரும்புக் கம்பியை நிலத்திற் செலுத்தி, அதன் நுனியை முகர்ந்து பார்க்கின்றனர்.

இனி எம் நோர்வூட்டுக்கு வருவோம். ஒருவன் மறைந்தான் என நிறுவ, முதலில் அவன் இருந்தான் என நிறுவவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை எஞ்சியோர் காத்திருந்த சமூகத்தில் அது எளிதன்று. எம் தோட்டத்து லயமொன்றில் வாழும் மூதாட்டியின் மகன் போர்க்காலத்திற் கொழும்புக்குக் கடைவேலைக்குச் சென்றவன், திரும்பவில்லை. முறைப்பாட்டை ஏற்குமிடத்தில் அடையாள அட்டை இலக்கம் கேட்டனராம். அட்டை மகனின் சட்டைப்பையிலேயே போயிற்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொன்று, செக்றோலில் வேறொன்று. மூவரும் ஒருவனே எனச் சத்தியக் கடதாசி முடிக்க, கொழுந்து எடுக்கும் நாட்கூலியை இழந்து அட்டனுக்கு இருமுறை சென்று வந்தார். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் பெறும் வழியை 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் திறந்துள்ளது. அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும்படி சென்ற விடுமுறையில் அவர் என்னிடம் கேட்டார். முதலாம் கட்டத்தில் முழுப்பெயர் எழுதவேண்டும். மூன்றில் எதனை எழுதுவது என்று நான் கேட்டபோது, தாம் வீட்டில் அழைத்த நான்காவது பெயரைச் சொன்னார்.