ஆள்களப் பெயர்த் தீர்வுக் கோளாறு

வீட்டு இணைய இணைப்பு இயங்கும்போதே, இணையதளப் பெயருக்குரிய ஐபி முகவரி கிடைக்காமற்போவது ஆள்களப் பெயர்த் தீர்வுக் கோளாறு எனப்படும். பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஆள்களப் பெயர் முறைமையை (டிஎன்எஸ்) 1983 இல் பால் மொக்கபெட்ரிசு வடிவமைத்தார்.

திருவண்ணாமலையில் ஒரு வீட்டிலிருந்து மாவட்ட நிர்வாகத்தின் தளத்தைத் திறந்தால், வினவல் திசைவிக்கும் (ரவுட்டர்) அங்கிருந்து சேவை நிறுவனத்தின் பெயர் வழங்கிக்கும் செல்லும். விடை அங்கு சேமிப்பில் இல்லையெனில், அவ்வழங்கி மூல வழங்கியில் தொடங்கித் தேடித்தரும். மூல வழங்கிகளுக்கு நகல்கள் பல உண்டு. சென்னையிலும் 2005 இல் ஒன்று நிறுவப்பட்டது. எனவே பழுது பெரும்பாலும் முதலிரு கட்டங்களிலேயே இருக்கும்.

திசைவியில் பொதுவாக இரு வழங்கிகளின் முகவரிகள் இருக்கும். ஒன்று மட்டும் செயலிழந்தால் சில வினவல்களே தவறும். கணினி சேமித்துள்ள பெயர்களோ அவற்றின் ஆயுட்காலம் (டிடிஎல்) முடியும்வரை திறக்கும். சற்றுமுன் பார்த்த தளம் வருகிறது, புதியது வரவில்லை என்னும் குழப்பம் இதனால் எழுவதே. திசைவியை அணைத்துப் போட்டதும் சரியானதுபோல் தோன்றுவது பலரை ஏமாற்றும்.

கோளாறு நேரும் கணத்திலேயே சோதித்தல் வேண்டும். பிங் கட்டளைக்கு 8.8.8.8 முகவரியிலிருந்து மறுமொழி வந்தும் பெயர் திறக்காவிடில், பழுது பெயர்த் தீர்வில் உள்ளது. பின்னர் என்எஸ்லுக்கப் கட்டளையால் திசைவியையும் ஒவ்வொரு வழங்கியையும் தனித்தனியே பலமுறை வினவ வேண்டும். திசைவி மட்டும் தவறினால் பழுது அதனுடையது. சேவை நிறுவன வழங்கி தவறினால் கூகுளின் 8.8.8.8 (2009), கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018) போன்ற பொது வழங்கிகளை இடலாம். பழுதான முகவரியைப் பட்டியலில் விட்டுவைத்தால் கோளாறு தொடரும்.