மேயர் வெட்டச் சொன்ன கோடு

ஆம்ஸ்டர்டாமுக்குச் சோறு போட்டதும் கடல்தான், அடிக்கடி கரையை உடைத்து ஊருக்குள் வந்ததும் கடல்தான். 1675 வெள்ளத்துக்குப் பிறகு நகராட்சி கரைகளை உயர்த்த ஆரம்பித்தது. எவ்வளவு உயரம்? எங்கிருந்து அளப்பது? பதில் சொல்லப் பொருத்தமான ஆள் மேயர் நாற்காலியிலேயே இருந்தார். யோஹன்னஸ் ஹுட்டே அடிப்படையில் ஒரு கணித மேதை. லைப்னிட்ஸே தேடிப் போய்ச் சந்தித்தவர்.

நகரத்தை ஒட்டிக் கிடந்த ‘ஐ’ என்ற நீர்ப்பரப்பில் அன்று கடலின் ஏற்றவற்றம் இருந்தது. 1683 செப்டம்பர் முதல் ஓராண்டு அதன் ஏற்ற மட்டத்தைக் குறித்துவந்தார்கள். அதன் சராசரிதான் ‘நகர மட்டம்’. மதகுகளில் எட்டு வெள்ளைப் பளிங்குக் கற்களைப் பதித்து, ஒவ்வொன்றிலும் கிடையாக ஒரு கோடு வெட்டினார்கள். அந்தக் கோடு பூஜ்யம் அல்ல. கரை இருக்கவேண்டிய உயரம். நகர மட்டத்துக்கு மேலே 9 அடி 5 அங்குலம் என்று கல்லிலேயே பொறித்திருந்தது. (ஆம்ஸ்டர்டாம் அடிக்கு 11 அங்குலம்தான். இன்றைய கணக்கில் சுமார் 2.68 மீட்டர்.) பூஜ்யம் வேண்டுமென்றால் கோட்டிலிருந்து கீழே அளந்துகொள்ள வேண்டியதுதான். கெட்டிக்கார ஏற்பாடு: பூஜ்யம் ஏற்றத்தின்போது அடிக்கடி தண்ணீருக்குள் போய்விடும், கோடு எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

1818இல் அரசர் முதலாம் வில்லெம் இதையே நாடு முழுவதற்கும் பொது மட்டமாக்கினார். 1872இல் ‘ஐ’யின் கிழக்கு வாயிலை மதகு கட்டி அடைத்தார்கள். எந்தத் தண்ணீரை அளந்து மட்டம் பிறந்ததோ, அந்த ஏற்றவற்றமே ஆம்ஸ்டர்டாமில் இல்லாமல் போயிற்று. மட்டம் மட்டும் கற்களில் தங்கியது. 1875இல் தொடங்கிய துல்லிய அளவைக்கு, எஞ்சியிருந்த அந்தக் கற்கள்தான் ஆதாரம். 1879இல் பிரஷ்யாவும் தன் பூஜ்யத்தை ஆம்ஸ்டர்டாமிலிருந்தே எடுத்தது. பெர்லின் வானாய்வகச் சுவரில் ஒரு குறி வைத்து, அதற்கு 37 மீட்டர் கீழே பூஜ்யம் என்று அறிவித்தது.

இந்தியாவில் கதை வேறு. நம் ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்ட உயரம் போட்டிருக்குமே, அந்தக் கணக்கின் வேர் சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அளந்த சராசரிக் கடல் மட்டம்.

ஆம்ஸ்டர்டாமின் தலைவலி அதன் மண். களிமண்ணும் கரிமண்ணுமாக அமுங்கிக்கொண்டே இருக்கும் ஊரில், சுவரில் அடித்த பெஞ்ச்மார்க் சுவரோடு சேர்ந்து இறங்கும். அதனால் 1950களில் டாம் சதுக்கத்தில் சுமார் 22 மீட்டர் ஆழத்துக்குத் தூண் இறக்கி, அதன் தலையில் வெண்கலக் குமிழ் பொருத்தினார்கள். அதன் உயரம் பூஜ்யத்துக்கு மேல் 1.43 மீட்டர். நகர மன்றக் கட்டடத்தில் சுற்றுலாப் பயணிகள் தொட்டுப் பார்க்கும் குமிழ் காட்சிக்கு வைத்தது.

ஆளுக்கொரு பூஜ்யம் இருந்தால் என்ன ஆகும்? ரைன் நதிக் கரையின் லாஃபென்பர்க்கைக் கேளுங்கள். ஜெர்மனி ஆம்ஸ்டர்டாமைப் பார்த்து அளக்கிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலைப் பார்த்து. இரண்டுக்கும் 27 செ.மீ. வித்தியாசம் என்பது அங்கே இரு நாட்டையும் இணைக்கப் பாலம் கட்டிய பொறியாளர்களுக்குத் தெரியும், திருத்தமும் போட்டார்கள். கூட்டல், கழித்தல் குறி மட்டும் மாறிவிட்டது. 2003இல் பார்த்தால் இரு கரைக்கும் இடையே 54 செ.மீ. ஜெர்மனியின் பக்கத்தைத் தாழ்த்தித்தான் பாலத்தைச் சேர்த்தார்கள்.