தவக்காலம் (தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில்)

தவக்காலம், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாகக் கத்தோலிக்கத் திருச்சபை கடைப்பிடிக்கும் நோன்புக் காலம். பழைய தலைமுறையினர் தபசுகாலம் என்பர். திருநீற்றுப் புதனன்று தொடங்கும் இக்காலம் வழிபாட்டு ஒழுங்கின்படி பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன் முடிந்துவிடுகிறது. நோன்புக் கணக்கு பெரிய சனி வரை போகும்: 46 நாட்கள். அவற்றில் ஞாயிறு ஆறையும் கழித்தால் 40.

புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், முந்திய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை எரித்து எடுப்பது. தமிழகத்திலும் இலங்கையிலும் அது தென்னங்குருத்து. வீட்டில் சுரூபத்தின் பின்னால் செருகிய ஓலைச் சிலுவைகள் ஓராண்டில் காய்ந்து பழுப்பேறிவிடும். அவற்றை மக்களே கோயிலில் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

18 வயது நிரம்பியதிலிருந்து 59 வயது நிறையும் வரை திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழு உணவு. 14 வயது நிரம்பியவர்களுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் நோன்பு விதிகளைத் தளர்த்திய பின் சட்டம் கேட்பது இவ்வளவே. ஊர் வழக்கு இதைவிடக் கடுமையானது. பல வீடுகளில் தவக்காலம் முழுதும் கறி எடுப்பதில்லை. திருமணம், புதுமனை புகுதல் எல்லாம் பாஸ்கு எனும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்தான். மீன் விலக்கில்லை என்பது கடற்கரை ஊர்களுக்கு வசதி.

தமிழ்ப் பங்குகளின் தவக்காலத்துக்குத் தனி நிறம் கொடுத்தது வியாகுலப் பிரசங்கம். இதை இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) கோவாவில் பிறந்த ஓரட்டோரியன் சபைக் குரு. 1705இல் இலங்கை சேர்ந்தார். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். குருக்கள் மறைந்து திரிந்தார்கள், ஓர் ஊருக்கு எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் படிகளாகப் பரவிய அந்நூல் குரு இல்லாத ஊரின் தேவைக்குப் பொருந்தியது. இயேசுவின் பாடுகளை நெடிய, உருக்கமான உரைநடையில் சொல்லும் அதை, பயிற்சி பெற்றவர்கள் ஒப்பாரிக்குக் கிட்டத்தட்ட நெருங்கும் இராகத்தில் இழுத்து வாசிப்பார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்தவர் எடுப்பார். கேட்டிருக்கும் பெண்கள் அழுவது கூச்சத்துக்குரியதல்ல. அழுகை வராவிட்டால் வாசிப்பு சரியில்லை என்று முணுமுணுப்பு எழும். அண்ணாவியார், மூப்பர், உபதேசியார் ஆகிய பொதுநிலையினர் காத்த மரபு இது. பங்கு வாழ்வைக் குருவின் பணியாக மட்டுமே எழுதும் வரலாறுகள் இவர்களைப் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

இந்த வாசிப்பிலிருந்து காட்சி வளர்ந்தது. முதலில் உடக்கு எனப்படும் உருவங்களை அசைத்துப் பாடுகளைக் காட்டினார்கள். மன்னார்ப் பகுதியில் பேசாலை இதற்குப் பேர்போனது. பின்னர் மனிதரே நடித்தனர். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், தவக்காலத் திருப்பாடுகளின் நாடகத்தை நவீன அரங்கக் கலையாக்கியது. தமிழகத்தில் இத்தகைய நாடகத்துக்குப் பாஸ்கா என்று பெயர்.

இன்று பெரும்பாலான பங்குகளில் மக்களைத் திரட்டுவது வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை. பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய இப்பக்திமுயற்சிக்கு நிலைகள் 14 என்று 1731இல் உறுதிசெய்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து. அன்பியங்கள் எனும் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்கள் வலுவாக உள்ள இடங்களில் அது கோயிலை விட்டுத் தெருவுக்கு வருகிறது. நிலைக்கு ஒரு வீடு: வாசல் தெளித்து, சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் மெழுகுதிரியும் வைத்திருப்பார்கள். மரச்சிலுவை தோள் மாறும். மார்ச் மாதத்துத் தார்ச்சாலை மாலையிலும் சுடும். இருந்தும் முழந்தாளிடத் தயங்குபவர் குறைவு. அடுத்த நிலை எந்த வீடு என்பதில் மனத்தாங்கல் வருவதும் உண்டு, அது பங்குப் பேரவைக் கூட்டம் வரை போவதும் உண்டு.

மூன்று நாள் தவக்காலத் தியானம் வேறு. வெளியூர்க் குரு மாலைதோறும் பிரசங்கிப்பார். கடைசி நாள் அக்கம்பக்கத்துப் பங்குத்தந்தையர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். ஆண்டில் ஒரே முறை அதைச் செய்பவர்களின் வரிசை நீளம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், தவம் அகத்தோடு நிற்காமல் புறத்திலும் சமூகத்திலும் வெளிப்பட வேண்டும் என்றது. இந்தியாவில் இதன் நேரடி வடிவம், பசிக்கும் நோய்க்கும் எதிராகக் காரித்தாஸ் இந்தியா நடத்தும் தவக்காலப் பரப்புரை. நோன்பில் மிச்சமானதைப் போட வீட்டுக்கு வீடு உண்டியல் தருகிறார்கள். சேர்ந்த தொகையைப் பெரும்பாலும் அறிவிப்பதோடு சரி, செலவான விதத்தைப் பங்கு மக்களுக்குச் சொல்வது அரிது.

அதே சாசனம் தவக்காலத்தின் திருமுழுக்குப் பண்பையும் மீட்டது. புதிதாகச் சேர்வோர் உள்ள பங்குகளில் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், இலாசர் ஆகியோர் பற்றிய நற்செய்திகளை வாசித்து, புதிதாகச் சேர்வோருக்காக மன்றாடுகிறார்கள். பாஸ்கு திருவிழிப்பு இரவில் அவர்கள் திருமுழுக்குப் பெறுகின்றனர்.